தாய்க்கோழி கொத்திய குஞ்சு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாகப் பரந்திருப்பது படுவான்கரை. ஆரையம்பதி, குருக்கள்மடம் முதலிய ஊர்களின் தென்னஞ்சோலை வளவுகளானாலும், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்து வயலோர முற்றங்களானாலும், நாலைந்து ஊர்க்கோழிகளாவது மேயாத வீட்டை இங்கே காண்பது அரிது. வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்லும் பூர்வீக வழக்கமுடைய இந்நாட்டில், வளவில் மேயும் கோழியும் வீட்டுத்தலைவியின் சொந்த உடைமையாகவே கருதப்பட்டு வருகிறது. வேளாண்மை விளைந்தாலும் வெள்ளத்தில் போனாலும், பிள்ளையின் கொப்பிக்கும் பேனைக்கும் யாரிடமும் கைநீட்டாமல் அவள் எடுத்துக் கொடுக்கும் காசு, பெரும்பாலும் முட்டையும் கோழியும் விற்ற காசுதான். ஆகையால் ஒரு குஞ்சு பிழைப்பதும் இறப்பதும் அந்த வீட்டில் அற்ப விஷயமல்ல.

குஞ்சுக்கு வரும் ஆபத்துகளுள் காகமும் பருந்தும், கீரியும், வாவியோரப் பற்றைகளிலிருந்து ஊர்ந்து வரும் உடும்பும் எல்லாரும் அறிந்தவை. அவற்றுக்கெதிராகக் கரப்பைக் கவிழ்த்து வைக்கிறோம். தென்னோலைத் தட்டி கட்டுகிறோம். ஆனால், இருபத்தொரு நாள் இரவு பகலாய் அடைகிடந்து பொரித்த கோழியே குஞ்சைக் கொத்தி இரத்தம் வடியச் செய்துவிட்டால் வீட்டார் திகைத்துப் போகிறார்கள். அந்தத் திகைப்பிலே கோழியைக் கறிக்கு அனுப்புவோரும் உண்டு. “இது இனித் தப்பாது” என்று குஞ்சை வேலியோரத்தில் விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டும் அவசர முடிவுகள் என்பதே என் எண்ணம். கோழி குரூரத்தினால் கொத்துவதில்லை. கொத்துண்ட குஞ்சும் நாம் நினைப்பதைவிட உறுதியான ஜீவன். முதலாவதைப் புரிந்துகொண்டவருக்கே இரண்டாவதைக் காப்பாற்றும் வழி தெளிவாகும்.

அடைக்கு உட்கார்ந்த கோழி நாம் அன்றாடம் காணும் கோழியல்ல. மூளையின் அடிப்பாகத்திலுள்ள சுரப்பியிலிருந்து புரோலக்டின் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரக்க, முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. வயிற்றின் இறகுகள் உதிர்ந்து, முட்டைகளோடு வெறுந்தோல் ஒட்டும்படி அமைகிறது. இரைக்கும் நீருக்குமாக நாளில் ஒரு முறை சிறிது நேரம் இறங்குவதைத் தவிர அது கூட்டைவிட்டு அசைவதில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கையை நீட்டும் எஜமானியையும் அது கொத்தும். கூட்டுக்குள் வந்து அசைகிற எதையும் பகையென்று கொள்வதே அப்பொழுது அதன் சுபாவம். அப்படியானால், முட்டையை உடைத்துக்கொண்டு புதிதாய் ஒன்று காலடியில் அசையும்போது மட்டும் அந்தக் கோபம் எப்படித் தணிகிறது?

ஓசையே அதைத் தணிக்கிறது. பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே ஓட்டுக்குள்ளிருக்கும் குஞ்சு கீச்சிடத் தொடங்க, தாய் தாழ்ந்த குரலில் கொக்கரித்து மறுமொழி கூறுகிறது. முகம் பார்க்குமுன்னே இருவருக்கும் குரல் பழகிவிடுகிறது. 1933ஆம் ஆண்டில் ப்ரூக்னர் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இதை ஓர் எளிய பரிசோதனையால் காட்டினார். குஞ்சொன்றைக் கண்ணாடி மூடியின் கீழ் வைத்தபோது, அது உள்ளே துடிப்பது கண்முன்னே தெரிந்தும், குரல் வெளியே கேளாமையால் தாய்க்கோழி அதைச் சட்டை செய்யாமல் இரை பொறுக்கியது. அதையே ஒரு தட்டியின் பின்னால் மறைத்துக் குரல் மட்டும் கேட்கச் செய்தபோது பதறி ஓடிவந்தது. 1960இல் ஷ்லைட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வான்கோழிகளில் கண்டது இதனினும் மனத்தை உலுக்குவது: செவிப்புலன் அகற்றப்பட்ட தாய்கள், தாமே அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளைத் தாமே கொத்திக் கொன்றன. கூட்டுக்குள் அசைந்தது எதுவோ, அதன் குரல் காதில் விழவில்லை. ஆகவே அது பகை. வாத்ஸல்யம் என்று நாம் போற்றுகின்ற அந்தப் பெரிய உணர்ச்சி, இந்தப் பிராணியிடத்தில் காது என்ற ஒரு சிறு வாசலின் வழியாகவே உள்ளே நுழைகிறது.

நம் வளவுகளில் கோழி காது கேளாமல் இருப்பதில்லை; ஆனால் குரல் பழகும் சந்தர்ப்பம் தவறிவிடும் வேளைகள் பல. ஒரே வளவில் இரண்டு கோழிகள் சில நாள் இடைவெளியில் பொரித்து, ஒன்றின் குஞ்சு வழிதவறி மற்றொன்றின் செட்டைக்குள் நுழையப் போவதுதான் நான் அதிகம் கண்டது. தன் குஞ்சுகளோடு இரண்டு மூன்று நாள் திரிந்துவிட்ட கோழி அவற்றின் குரலையும் நிறத்தையும் நன்கு பதித்துக்கொள்கிறது. கருங்குஞ்சுகளை மாத்திரம் மேய்த்துப் பழகிய கோழி மஞ்சள் குஞ்சொன்றைப் பிரத்தியேகமான வெறுப்போடு விரட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பண்ணையில் வாங்கிவந்த குஞ்சுகளைப் பட்டப்பகலில் தாயின் முன்னே கொட்டுவதும் இதே ஆபத்தில் முடிகிறது. இன்னொரு காரணம், அடைக்கூட்டில் வேறு கோழிகள் வந்து முட்டையிட்டுப் போவது. முதல் நாள் வைத்த முட்டைகள் பொரிந்து, தாய் அக்குஞ்சுகளுடன் வெளியே இறங்கிய பின்னர், பிந்திய முட்டையிலிருந்து ஈரத்தோடு ஒன்று வெளிவந்தால் அதற்குத் தாய் இல்லை. இவற்றோடு, முதன்முறை அடைகிடக்கும் விடலைக் கோழியின் மிரட்சி, கூட்டில் செள்ளு மலிந்து கோழிக்கு உண்டாகும் ஓயாத எரிச்சல், நாயோ சிறுபிள்ளைகளோ வந்து வந்து கலைப்பது ஆகியவையும் சேரும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது காலைப் பற்றித்தான், அலகைப் பற்றியல்ல. மிதிபட்ட குஞ்சு பெரும்பாலும் உதறிக்கொண்டு எழுந்துவிடும். அலகு தேடுவது தலையை. பின்தலையிலும் கண்ணருகிலும் மீண்டும் மீண்டும் விழும் கொத்து மெல்லிய தோலை உரித்துவிடுகிறது; சிவப்பைக் கண்டதும் கூடப்பிறந்த குஞ்சுகளும் அதே இடத்தில் கொத்தத் தொடங்கிவிடுகின்றன. ஆதலால் காயம் சிறிதென்று எண்ணி அதே கூட்டத்தில் விட்டுவைப்பது கூடாது.

படுவான்கரையில், மாரி பிடித்த ஒரு பின்னேரம், அத்தகைய குஞ்சொன்றுக்கு ஓர் ஆச்சி செய்த பணிவிடையை அருகிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. பிறந்து இரண்டு நாளான குஞ்சு. பின்தலைத் தோல் விரல்நகத்தளவு உரிந்து ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. அதன் கீழே மண்டையோடு வெண்மையாகத் தெரிந்தது. கண்கள் மூடி, கழுத்துத் தொங்க, உயிரில்லை என்றே நான் நினைத்தேன். அடுக்களைக்குள் ஓடி மஞ்சள் எடுத்துவர முனைந்த பேத்தியை ஆச்சி தடுத்துவிட்டார். குஞ்சின் காலை இரண்டு விரல்களால் தொட்டுப் பார்த்தார், அது சில்லிட்டிருந்தது. உடனே சேலைத் தலைப்பால் குஞ்சைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிட்டார்.

“முதல்ல சூடு குடுப்பம் மனே, மருந்த மறுகாப் பாப்பம்,” என்றார்.

சிறிது நேரம் சென்றதும் சேலைக்குள்ளிருந்து ஈனமாய் ஒரு கீச்சொலி வந்தது. அதன் பிறகுதான் அவர் வெந்நீர் கேட்டார்.

அந்த ஆச்சி சொன்ன ஒழுங்கே சாஸ்திரத்துக்கும் ஒத்த ஒழுங்கு. வளர்ந்த கோழியின் சரீர உஷ்ணம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். ஆனால் அன்று பிறந்த குஞ்சுக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி இல்லை. இறகு முளைத்து இரண்டு மூன்று வாரம் செல்லும்வரை தாயின் செட்டையே அதற்கு அடுப்பு. தாயினின்று பிரிந்து, இரத்தமும் இழந்து, மழைக்கால ஈரக்காற்றில் கிடக்கும் குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் காயமல்ல, குளிர். குளிர்ந்துபோன குஞ்சுக்குத் தீனியோ நீரோ புகட்டினால் அது செரிக்காது. மருந்து தடவினால் அந்த ஈரம் இன்னும் குளிர வைக்கும்.

ஆகவே ஒரு மட்டைப்பெட்டியை எடுத்து, அடியில் பழைய துணியை விரித்து, ஒரு மூலைக்கு மட்டும் சூடு கிடைக்கும்படி செய்யவேண்டும். சுடுநீர்ப் போத்தலைத் துணியால் சுற்றி வைக்கலாம். மின்சாரம் உள்ள வீட்டில் சிறிய குண்டு மின்குமிழைத் தொங்கவிடலாம். முதல் வாரம் குஞ்சு இருக்குமிடத்தில் 32 முதல் 35 பாகை வரை உஷ்ணம் வேண்டும். பின் வாரந்தோறும் மூன்று பாகை அளவில் குறைத்து வரலாம். உஷ்ணமானி இல்லையென்றால் குஞ்சே அதைச் சொல்லும்: குளிரென்றால் சூட்டின் அருகே ஒடுங்கி உரக்கக் கீச்சிடும், சூடு மிஞ்சினால் அலகைத் திறந்து, செட்டையை விரித்து, அப்பால் நகர்ந்துவிடும். நகர்வதற்கு இடம் வேண்டுமாதலால்தான் ஒரு மூலையில் மட்டும் சூடு வைக்கச் சொல்கிறேன். அரிக்கன் லாம்பை மூடிய பெட்டிக்குள் வைப்போர் உளர். அதன் புகை குஞ்சின் சிறு நுரையீரலுக்கு விஷம், வீட்டுக்கும் தீ ஆபத்து. பத்திரிகைத் தாளை விரிப்பதும் நல்லதன்று; வழுக்கும் தளத்தில் நிற்கமுயன்று கால்கள் இரு பக்கமும் அகன்று குஞ்சு முடமாகிவிடும்.

சூடேறிக் குரல் வந்தபின் காயத்தைக் கவனிக்கலாம். இரத்தம் கசிந்தால் சுத்தமான பருத்தித் துணியைச் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடிக்கவேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் பிரிந்து மறுபடியும் ஒழுகும். பின்னர், அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, இளஞ்சூடாக, துணி நுனியால் ஒற்றி ஒற்றிக் கழுவவேண்டும். தலை முழுதையும் நனைக்கலாகாது. சுருண்டுபோன தோலை வெட்டி எறியாமல், கழுவியபின் ஈர விரலால் மெல்ல இழுத்து அதனிடத்தில் படியவைத்தால், பல சமயங்களில் அது ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத இடத்திலும் ஓரங்களிலிருந்து புதுத்தோல் வளர்ந்து மூடிவிடும். கோழியினத்தின் தோலுக்கு அந்த வல்லமை உண்டு. மண்டையோடு தெரிந்த குஞ்சுகள்கூடச் சில வாரங்களில் தேறியெழுகின்றன.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதன் கிருமியடக்கும் குணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பிய மஞ்சள், பஞ்சுபோன்ற இளமயிரில் ஊறி உடலெங்கும் பரவி, குஞ்சின் சூட்டைப் பறித்துவிடுகிறது. காய்ந்து பொருக்காகி, உள்ளே சீழ் கட்டினாலும் தெரியாமல் மறைத்துவிடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயடினை வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீரில் கலந்து, கண்ணில் படாமல் ஒற்றிவிடுவது இதனினும் நன்று. மனிதருக்குப் பூசும் நோவாற்றும் களிம்புகளை, முக்கியமாக மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தவற்றை, பறவைக்குப் பூசவே கூடாது; சிறு குஞ்சுக்கு அது உயிராபத்து.

வாவியோரத்தில் காயத்துக்குப் பெரிய சத்துரு இலையான். மாரிக்காலத்து ஈரத்தில், திறந்த காயத்தில் அது இட்டுச்செல்லும் வெண்ணிற முட்டைகள் ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும். ஆகையால் பெட்டியின் வாயை நுளம்புவலைத் துண்டொன்றால் மூடிக் கட்டவேண்டும். காலையும் மாலையும் குஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, காயத்தின் ஓரத்து மயிரை விலக்கிப் பார்க்கவேண்டும். முட்டைகள் தென்பட்டால் சிறிய இடுக்கியால் எடுத்து, மீண்டும் உப்புநீரால் கழுவவேண்டும். துர்நாற்றமோ, பச்சை மஞ்சளான சீழோ, முகவீக்கமோ கண்டால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. பிரதேசத்து அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுவதே முறை. ஒரு குஞ்சுக்காகவா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. தவிர, வளர்ந்துவரும் குஞ்சின் சொண்டோரத்திலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்குகள் தோன்றினால் அதைக் கொத்துக்காயமென்று எண்ணி ஏமாறக்கூடாது. நுளம்பு பரப்பும் கோழியம்மையும் அப்படியேதான் தோன்றும். அதற்கு வழி வேறு.

தீனிக்கு அவசரமில்லை. முட்டையின் மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் உறிஞ்சப்பட்டிருப்பதால் பிறந்து இரண்டு மூன்று நாள்வரை அதுவே அதற்குப் போஷணை. நீர்தான் முதலில் வேண்டும். அதையும் வாய்க்குள் ஊற்றலாகாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் துவாரம் திறந்திருப்பதால், அன்போடு ஊற்றிய ஒரு சொட்டு நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். சிறிது சீனி கரைத்த இளஞ்சூட்டு நீரில் விரலை நனைத்து, சொண்டின் ஓரத்தில் தொட்டுவிட்டால் அது தானே உறிஞ்சி, தலையை உயர்த்தி விழுங்கும். அந்தத் தலையுயர்த்தலைக் கண்டபிறகு அவித்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்து வைக்கலாம். அடுத்த நாள் அரிசிக் குறுணலும், இடித்த கூனி இறாலும், உடைத்த புற்றிலிருந்து கொஞ்சம் கறையானும். கடையில் விற்கும் குஞ்சுத்தீனி கிடைத்தால் அதுவே போதும். ஒரு கண்ணிழந்த குஞ்சுகூட, தீனியையும் நீரையும் நாள்தோறும் ஒரே இடத்தில் வைத்தால், விரைவில் பழகிக்கொள்கிறது. குஞ்சு மூழ்காதபடி நீர்த்தட்டில் சில கூழாங்கற்களைப் போட்டுவைக்க மறக்கக்கூடாது.

காயமும் பசியும் தீர்ந்தபின்னும் எஞ்சியிருப்பது தனிமை. தனியே விடப்பட்ட குஞ்சு இடைவிடாமல் அலறி, அலறியே சோர்ந்து, இரையெடாமல் மெலிந்துபோகும். சாதுவான கூடப்பிறந்த குஞ்சொன்றைத் துணைக்கு விடலாம். அது காயத்தைக் கொத்துகிறதா என்று சிறிது நேரம் காவலிருந்தே விடவேண்டும். துணை இல்லையென்றால் பெட்டிக்குள் ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சாய்த்து வைப்பதும் குஞ்சை ஆற்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் குரல் கேட்கும் தூரத்தில் பெட்டியை வைப்பது நல்லது. முன்னே கூறிய பரிசோதனைகளின் உண்மை இங்கேதான் நமக்குப் பிரயோசனமாகிறது; பகலெல்லாம் இந்தக் குஞ்சின் கீச்சொலி தாயின் காதிலும், தாயின் கொக்கரிப்பு குஞ்சின் காதிலும் விழுந்துகொண்டிருந்தால், பின்னர் சேர்த்துவிடும்போது இருவரும் முற்றிலும் அந்நியரல்லர்.

சேர்ப்பதற்குக் காயம் உலர்ந்து சிவப்பு மாறியிருக்கவேண்டும். நேரமும் முக்கியம். பொழுதுபட்டு, கோழி தன் குஞ்சுகளைச் செட்டைக்குள் அணைத்து அடங்கிய பின், வெளிச்சம் காட்டாமல், பின்பக்கமாகக் கைநுழைத்து, மற்றக் குஞ்சுகளின் நடுவே இதையும் விட்டுவிடவேண்டும். இரவெல்லாம் ஒரே சூட்டிலும் ஒரே குரலிலும் கிடந்த குஞ்சைக் காலையில் பல கோழிகள் ஏற்றுக்கொள்கின்றன. அன்று விடியற்காலையில் கட்டாயம் அருகில் இருக்கவேண்டும். இரைக்காக எல்லாரையும் தள்ளும்போது லேசாக ஒரு தட்டுத் தட்டினால் பொருட்படுத்தவேண்டாம். தலையை நோக்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டாம் முறை கொத்த வந்தால் உடனே எடுத்துவிடவேண்டும். அதன்பின் மறுபடி மறுபடி முயன்று பார்ப்பது குஞ்சை வதைப்பதே. பிரிந்து ஒரு வாரமானால் தாய் மறந்துவிடுவதும் இயல்பு. அத்தகைய குஞ்சைப் பெட்டியிலேயே வளர்த்து, இறகு நிறைந்தபின் பகலில் தட்டிக்கு அப்பாலிருந்து மற்றக் கோழிகளைப் பார்க்கவிட்டு, ஏழெட்டு வாரமளவில் தன்னளவு பருமனுள்ளவற்றோடு சேர்த்துவிடலாம். ஏறத்தாழ அந்தப் பருவத்தில் தாய்க்கோழிகளும் தம் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்குமாதலால், தாயில்லாமல் வளர்ந்ததென்ற வித்தியாசம் அப்பொழுது அதிகம் தெரிவதில்லை.

அடுத்த அடையில் இது நேராமல் தடுக்க அதிகச் செலவில்லை. அடைவைக்கும் முட்டைகளில் கரித்துண்டால் ஒரு கோடு இட்டு, கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும். கூட்டை நடமாட்டமற்ற மூலையில், அரையிருளில் வைக்கவேண்டும். அடைக்கு முன்னே பழைய வைக்கோலை எரித்து, சாம்பல் தூவி, செள்ளை ஒழிக்கவேண்டும். இரண்டு கோழிகள் அடைகிடந்தால் ஒன்றை வீட்டின் முன்புறத்திலும் மற்றதைப் பின்புறத்திலும் வைத்து, பொரித்தபின் முதல் வாரம் ஒரு வேளைக்கு ஒன்றையே வெளியே விடவேண்டும். வாங்கிய குஞ்சுகளை ஒப்படைப்பதானால், கோழிக்குச் சொந்தக் குஞ்சு பொரிந்து ஒன்றிரண்டு நாளுக்குள், இரவிலே, வயதொத்தவையாக ஒப்படைக்கவேண்டும்.

கோழியைப் பொறுத்தவரை, ஒரு முறை கொத்தியதற்காக அதைக் கழித்துவிடுவது நியாயமாகாது. முதல் அடையில் மிரண்ட விடலை, இரண்டாம் அடையில் ஊர்மெச்சும் தாயாக மாறியதுண்டு. கூட்டையும் காலத்தையும் சீர்செய்து கொடுத்த பின்னும் சொந்தக் குஞ்சுகளையே அது கொத்துமானால், அதனிடம் இனி அடைவைக்காமல், அதன் முட்டைகளைச் சாந்தமான இன்னொரு கோழியின் கீழ் வைத்துவிட்டு, அதை முட்டைக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.